ஞாயிறு மாலை நாலு மணிக்கு நான் எங்கே இருந்தேன்

அரசாங்கத்திடம் பொய் சொல்வதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. பெண் வீட்டாரிடம் பொய் சொல்வதும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணம் அதில்தான் நடக்கிறது. ஆனால் இந்த இரண்டு பேரையும் ஒரே கூடத்தில் வைத்துக்கொண்டு ஒரே பொய்யைச் சொல்லக் கூடாது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆம்பூரில், என் சொந்த வீட்டில், கையில் பஜ்ஜித் தட்டோடு நின்று கற்றுக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. ஒரு தோல் கம்பெனியில் எலெக்ட்ரீஷியன் வேலை. தோல் ஊறும் பெரிய மரப் பீப்பாய்களை எங்கள் ஊரில் டிரம் என்போம். அந்த டிரம்மைச் சுற்றுகிற மோட்டார் நின்றால் ஓட வைக்க வேண்டும். ஓடினால் எப்போது நிற்குமோ என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அது சோற்றுக்கு. என் உயிர் இருந்ததோ வீட்டின் பின்னறையில், ஒரு மேசை மேல். அமெச்சூர் ரேடியோ.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டிலேயே ஒரு டிரான்ஸ்மிட்டரைச் செய்து வைத்துக்கொண்டு, கொல்லையில் கம்பி கட்டி, வேறு ஊரில் வேறு நாட்டில் இதே மாதிரி கிறுக்குப் பிடித்து உட்கார்ந்திருக்கிற இன்னொருவனோடு பேசுவது. பேசுவது என்றால் வாயால் இல்லை. என்னிடம் இருந்தது மோர்ஸ் மட்டும்தான்; கீ என்கிற சின்னச் சுவிட்சை விரலால் தட்டித் தட்டி, எழுத்தைப் புள்ளியும் கோடுமாக அனுப்புவது. டா டிட் டா டிட். இதற்கு மத்திய சர்க்காரின் பரீட்சை உண்டு, லைசென்ஸ் உண்டு, லைசென்ஸ் கொடுக்கும் முன் போலீஸ் விசாரணை உண்டு. விசாரிக்க வந்த கான்ஸ்டபிளிடம் எங்கள் தெரு டீக்கடைக்காரர் கொடுத்த சான்றிதழ் இது: "நல்ல பையன்தான் சார். தெருவுல தனியா வாயால டிக் டிக்னு சொல்லினு போவான். யாரையும் கடிக்க மாட்டான்."

அதையும் மீறி மூன்று வருஷம் கழித்து லைசென்ஸ் வந்தது. சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். அம்மா தினமும் அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினாள். ஆம்பூரிலேயே அந்தக் காகிதம் வைத்திருந்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். (இந்தப் பெருமை பின்னால் எனக்கே வினையானது. திருடன் யார் என்று தேடும்போது ஊரில் ஒரே ஒருவன் இருந்தால் போலீசுக்கு எவ்வளவு வசதி.)

லைசென்ஸ் வந்து ஆறு மாதம் கத்தியதில் சேலம் பதில் சொன்னது, பெங்களூர் பதில் சொன்னது. கடல் தாண்டி ஒரு ஈ கூடப் பதில் சொல்லவில்லை. அப்போதுதான் ஜப்பானிலிருந்து ஒரு அட்டை வந்தது. 'உங்கள் சத்தம் மிகவும் மெலிதாகக் கேட்டது. இந்த மாதக் கடைசி ஞாயிறு உங்கள் நேரம் மாலை நாலு மணிக்குக் கூப்பிடுங்கள். காத்திருப்பேன்.' அந்த அட்டையைக் கம்பெனியில் மேனேஜரிலிருந்து கேட் வாட்ச்மேன் வரைக்கும் காட்டினேன். வாட்ச்மேன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்டாம்பு நல்லா கீது" என்றார்.

அதே வாரம் அம்மா சொன்னாள், "ஞாயித்துக்கிழமை சாயந்திரம் குடியாத்தம் போறோம். பொண்ணு பாக்க. மூணரைல இருந்து நாலரை வரைக்கும் நல்ல நேரம்."

"ஞாயித்துக்கிழமையா? நாலு மணிக்கு எனக்கு ஜப்பான்ல வேலை இருக்குதும்மா."

"ஜப்பான்காரன் உனக்குப் பொண்ணு குடுப்பானா?"

"அது வேறம்மா."

"இன்னா வேற? அப்பா போனதுல இருந்து நாயா அலைஞ்சு ஒரு எடம் அமைஞ்சிருக்குது. லுங்கித் தறி எட்டு ஓடுது அவங்க வூட்ல. நீ வரலன்னா நான் போய்ப் பாத்துட்டு நானே கட்டிக்கினு வரவா?"

அம்மாவோடு வாதம் செய்து ஜெயித்தவர்கள் யாரும் எங்கள் வம்சத்தில் இல்லை. குடியாத்தத்துக்கும் போக வேண்டும், ஜப்பானையும் கூப்பிட வேண்டும். அன்று மத்தியானம் டிரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்குப் பொறி தட்டியது. தோல் தானாக ஊறுகிறதே, மோர்ஸ் தானாகப் போகாதா?

என் தோஸ்த் நஜீர் பாய் கம்பெனியில் தோல் தரம் பிரிக்கிறவர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். பேச்சில் அவரை யாரும் மடக்க முடியாது. அவர் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்தால் இன்று நான் பெரிய எழுத்தாளன். டீ நேரத்தில் அவரிடம் திட்டத்தைச் சொன்னேன். நீளமான ஒரு தோல் வார். அதில் புள்ளிக்குச் சின்ன ஓட்டை, கோட்டுக்கு நீள ஓட்டை, மோர்ஸ் வரிசைப்படி. அதை வளையமாகத் தைத்து ஒரு பித்தளை உருளை மேல் மெதுவாகச் சுற்ற விட வேண்டும். மேலே ஒரு செம்பு நாக்கு உரசிக்கொண்டே இருக்கும். ஓட்டை வரும்போது நாக்கு கீழே இறங்கிப் பித்தளையைத் தொடும், டிரான்ஸ்மிட்டர் கத்தும். தோல் வரும்போது தொடாது, சும்மா இருக்கும். 'யாராவது இருக்கீங்களா, யாராவது இருக்கீங்களா, இன்னார் கூப்பிடுகிறேன்' என்று வார் சுற்றிச் சுற்றிக் கூப்பிடும்.

"அதுக்கு யாராவது 'இருக்கேன்'னு சொன்னா?" என்றார் பாய்.

"நான்தான் ஊர்ல இருக்க மாட்டேனே."

"அப்ப இன்னா மசுருக்குக் கூப்பிடற நைனா?"

"அவன் காதுல என் சத்தம் வுழுந்தாப் போதும் பாய். கேட்டேன்னு அட்டை போடுவான்."

பாய் அடுத்த கேள்விக்குப் போனார். "சர்க்காரு இதுக்கு ஒத்துக்குமா?"

அதையும் நான் பார்த்து வைத்திருந்தேன். லைசென்ஸோடு வந்த நிபந்தனைகளை அகராதியை வைத்துக்கொண்டு நாலு தடவை படித்திருந்தேன். "லைசென்ஸ் வாங்கினவனேதான் இயக்கணும்னு போட்டிருக்குது பாய். பக்கத்துல குந்தினு இயக்கணும்னு எங்கயும் போடல. வாரைப் பண்ணது நான். ஓட்டை போட்டது நான். டைம்பீஸுக்குச் சாவி குடுக்கப் போறது நான். அப்ப இயக்கறது யாரு? நான்தானே?"

பாய் டீயை ஊதினார். "டிரம்மை யாரு சுத்தறது?"

"மோட்டாரு."

"தோலு கெட்டுப் போனா மேஸ்திரி யாரை ஏசுவான்? மோட்டாரையா?"

"டிரம்காரனை."

"அவன் 'நான் டீ குடிக்கப் போயிருந்தேன், என்னைக் கேக்காதே'ன்னு சொன்னா வுடுவானா?"

"வுட மாட்டான்."

"அவ்ளோதான் உன் சட்டம்."

ஆறாங்கிளாஸ் தாண்டாத மனிதர். டெல்லியில் பெரிய படிப்புப் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்ததை ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். நான் கேட்டேனா? "பாய், எனக்கு வாருக்கு ஒரு துண்டு தோல் வேணும்" என்றேன்.

"நல்ல துண்டு வேணும்னா திங்கக்கிழமை வா. இப்ப கையில கீறது உப்பு போகாதது. ஈரத்தை இழுக்கும். பேஜாரு."

"செருப்பா தைக்கப் போறேன்? ஓட்டை போடத்தானே" என்று வாங்கி வந்துவிட்டேன்.

உப்பும் ஈரமும் சேர்ந்தால் கரண்டு பாயும் என்று ஒரு எலெக்ட்ரீஷியனுக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். ஈரக் காலோடு டிரம் பக்கத்தில் நிற்காதே என்று கம்பெனியில் தினம் பத்துப் பேரைத் திட்டுகிறவனே நான்தான். ஆனால் காதலில் விழுந்தவனுக்கும் ஜப்பானிலிருந்து அட்டை வந்தவனுக்கும் புத்தி ஒரே இடத்தில்தான் வேலை செய்யாமல் போகும்.

சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து செய்தேன். ஓட விடுவதற்கு எங்கள் வீட்டு டைம்பீஸ்: நாலு மணிக்கு அலாரம் அடித்தால் பின்னால் இருக்கும் சாவி சுழலும், அதில் கட்டிய நூல் சுவிட்சை இழுக்கும். நாலரைக்கு நிறுத்துவதற்கு நஜீர் பாய் வீட்டு டைம்பீஸ், அதே ஏற்பாடு. ஒத்திகை பார்த்தபோது வார் அழகாகப் பாடியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிபந்தனைப்படி ஒவ்வொரு ஒலிபரப்பையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். ஞாயிறு வந்து களைப்பாக இருக்குமே என்று முன்கூட்டியே எழுதினேன்: 'மாலை 4.00 முதல் 4.30 வரை பொது அழைப்பு. குறைபாடு ஏதும் இல்லை. இயக்கியவர்: தாமே.' கையெழுத்தும் போட்டேன். நடக்காத ஒன்றுக்கு நான் கொடுத்த முதல் நற்சான்று.

ஞாயிறு மத்தியானம் வீட்டைப் பூட்டிக்கொண்டு அம்மா, சித்தப்பா, நான் மூவரும் குடியாத்தம் பஸ் ஏறினோம். பள்ளிகொண்டா தாண்டும்போது தூறல் ஆரம்பித்தது.

பெண்ணின் அப்பா கோவிந்தசாமி வாசலிலேயே குடையோடு நின்றிருந்தார். எங்களுக்காகத் தறிகளை நிறுத்தி வைத்திருந்தார். (எட்டுத் தறி ஓடும் வீட்டில் ஒரு ஆள் பேசுவது இன்னொரு ஆளுக்குக் கேட்க வேண்டுமென்றால் அதுதான் பெரிய மரியாதை.) கூடத்தில் பாய் விரித்திருந்தது. எனக்கு நேர் எதிரே சுவரில் ஒரு கடிகாரம். மூன்று ஐம்பத்திரண்டு.

அவருடைய தங்கை, பெண்ணின் அத்தை, ரொம்பக் கூர்மையான மனுஷி. என் பார்வை போகிற இடத்தைப் பார்த்துவிட்டு, "மாப்ள இன்னா கடிகாரத்தையே பாக்கறாரு? கடைசி பஸ்ஸு எட்டு மணிக்குத்தான். பொறுமையா இருங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கடிகாரத்தைப் பார்த்தபடியே.

மூன்று ஐம்பத்தொன்பதுக்குப் பெண் வந்தது. பெயர் சரசு. கேசரித் தட்டை என் முன்னால் நீட்டியபோது சரியாக நாலு மணி. ஆம்பூரில் அலாரம் அடிக்கிறது, நூல் இழுக்கிறது, வார் சுற்றுகிறது, ஜப்பானில் ஒருவன் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என் முகம் முழுக்கச் சிரிப்பு. உதடு தானாக டா டிட் டா டிட் என்று அசைந்தது. அவ்வளவு ஆனந்தத்தையும் நான் கொட்டிக்கொண்டிருந்தது சுவர்க் கடிகாரத்தின் மேல். கேசரித் தட்டு ஒரு நிமிஷம் அந்தரத்தில் நின்றது. சித்தப்பா என் முதுகில் ஒரு குத்து விட்டார்.

கோவிந்தசாமி கொஞ்சம் புது மாதிரி ஆள். "நீயும் ஏதாவது கேக்கணும்னா கேளும்மா" என்றார் மகளிடம்.

சரசு தலையைக் குனிந்தபடியே, ஆனால் கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். "இவங்க வூட்ல கடிகாரம் இல்லீங்களா?"

நான் அந்த நிமிஷமே அவளைக் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன். கட்டினால் இவளைத்தான். 'வீடு பார்க்கப் பத்து நாள் கழித்து, புதன்கிழமை வர்றோம்' என்று அவர்களும் நல்லபடியாகவே சொல்லி அனுப்பினார்கள்.

ஏழேகாலுக்கு எங்கள் தெரு முனையில் இறங்கினால், எங்கள் வீட்டு வாசலில் இருபது பேர். தெருவில் அப்போது ஒரே ஒரு வீட்டில்தான் டிவி. ஞாயிறு சாயந்திரம் படம் பார்க்க ஊரே அங்கேதான். "படம் ஆரம்பிச்சதுல இருந்து வெறும் கோடுதாம்பா. எம்மாம் நேரம் கோட்டையே பாக்கறது? உன் வூட்டு உள்ள இன்னாவோ உர்ர்ருனுது. கதவு பூட்டிக் கீது" என்றார் டிவிக்காரர்.

உள்ளே ஓடினேன். மழை ஈரத்தை இழுத்துக்கொண்ட உப்புத் தோல், ஓட்டை உள்ள இடம் இல்லாத இடம் என்ற பேதம் பார்க்காமல் மொத்தமாகக் கரண்டைக் கடத்தியிருந்தது. கரண்டு பாய்ந்ததில் சூடேறி, சூட்டில் சுருங்கி, உருளையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு வார் அசையாமல் நின்றுவிட்டது. டிரான்ஸ்மிட்டரின் கண்ணாடி வால்வு செக்கச் சிவந்து கிடந்தது. நிறுத்த வேண்டிய நஜீர் பாய் வீட்டு டைம்பீஸ் நாலு இருபதுக்கே நின்றிருந்தது. ஆக நாலு மணியிலிருந்து ஏழேகால் வரை, மூன்றேகால் மணி நேரம், என் டிரான்ஸ்மிட்டர் உலகத்தைப் பார்த்து 'ஈஈஈஈ' என்று மூச்சு விடாமல் ஒரே கத்தல். பேர் இல்லை, ஊர் இல்லை. அறை முழுக்கத் தோல் கருகிய நாற்றம். வேறு எந்த ஊராக இருந்தாலும் அந்த நாற்றத்துக்கு நாலு மணிக்கே கதவை உடைத்திருப்பார்கள். ஆம்பூரில் ஒருத்தர் மூக்கும் திரும்பவில்லை.

அணைத்தேன். டிவிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். பதிவேட்டைத் திருத்தவில்லை. வெட்கம். 'குறைபாடு ஏதும் இல்லை' என்று அது பாட்டுக்குக் கிடந்தது.

வந்தது புதன்கிழமை. லீவு போட்டிருந்தேன். பெண் வீட்டார் பத்தரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்கே வாசலில் ஒருவர் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் தோல் பை, ஐம்பது வயது இருக்கும்.

"தனபால் நீங்கதானே?"

"ஆமா சார்."

ஒரு அடையாள அட்டையைக் காட்டினார். சென்னையிலிருந்து வந்த வயர்லெஸ் கண்காணிப்பு அதிகாரி. கூடத்துப் பெஞ்சைக் காட்டினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "வந்துட்டாங்களா" என்று வாயசைத்துவிட்டுப் பஜ்ஜி மாவைக் கலக்கப் போனாள். பெண்ணுக்கு மெட்ராஸில் ஒரு பெரியப்பா உண்டு என்று அவளுக்குத் தெரியும்.

அதிகாரி பெஞ்சில் உட்கார்ந்து பதிவேட்டைக் கேட்டார். புரட்டினார். "போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு. நாலுல இருந்து நாலரை. இயக்கியவர், தாமே."

"ஆமா சார்."

"நாலரைக்கு முடிச்சிட்டீங்க."

"ஆமா சார்."

"நாங்க ஏழேகால் வரைக்கும் கேட்டோம்."

நான் வேகமாகக் கணக்குப் போட்டேன். ஆள் இல்லாமல் ஓட விட்டேன் என்றால் லைசென்ஸ் போச்சு. மூன்று வருஷ உழைப்பு, அம்மாவின் கற்பூரம், எல்லாம் போச்சு. பக்கத்தில் இருந்துதான் செய்தேன் என்றால் ஒரு திட்டோடு போய்விடும். "கொஞ்சம் டெஸ்ட் பண்ணேன் சார்."

"மூணே கால் மணி நேரமா?"

"ஆமா சார்."

"கீ மேல இருந்து கையை எடுக்காம?"

"பழக்கம் சார்."

"நடுவுல எழுந்து போகல? ஒரு வாய் தண்ணி?"

"அசையல சார்."

அவ்வளவு நேரம் கீயை அழுத்திய விரலா என்று அவர் என் கட்டைவிரலை ஒரு தடவை பார்த்தார். அதற்குள் அம்மா பஜ்ஜியும் கேசரியும் தட்டில் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேணாம்மா. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த எடத்துல நான் எதுவும் சாப்பிடறது இல்ல."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள், மனசுக்குப் பிடித்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். தட்டைத் தொடவில்லை என்றால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. தட்டை என் கையில் திணித்துவிட்டு அம்மா அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டாள்.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்க பையன் மிஷினை ஓட விட்டா பக்கத்துலயே இருப்பாரா?"

மகனின் குணத்தை விசாரிக்கிறார் என்று அம்மாவுக்கு உயிர் வந்தது. "எம்புள்ள அந்த ரூமை வுட்டு எங்கயும் போவ மாட்டான் சார். சினிமா கெடையாது, சீட்டு கெடையாது, சிநேகிதம் கூட ஒரே ஒரு பாய்தான்."

"ஞாயித்துக்கிழமைல?"

"ஞாயித்துக்கிழமைன்னா கேக்கவே வேணாம். காலைல குந்தினான்னா ராத்திரிதான். சோத்துக்குக் கூட எழுந்து வர மாட்டான்."

பெற்ற தாய் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நெகிழ்ந்துபோய், "பாத்தீங்களா சார். அந்த ஞாயித்துக்கிழமையும் நாலு மணில இருந்து இந்த ரூம்லயேதான் இருந்தேன். எங்கயும் போகல" என்று சத்தமாகச் சொன்னேன்.

"அப்ப எங்க வூட்டுக்கு வந்து கேசரி சாப்ட்டது யாரு?"

வாசலில் கோவிந்தசாமி. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. பின்னால் அந்த அத்தை, கையில் பூவும் பழமும்.

பஜ்ஜித் தட்டை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"நான்தாங்க வந்தது" என்றேன்.

"அப்ப இங்க கீ மேல கை வெச்சிட்டு இருந்தது யாரு?" என்றார் அதிகாரி.

"அதுவும்..."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க தம்பி."

அத்தை என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள். "அண்ணே, மூக்கு அதேதான். ஆனா அன்னைக்கு வந்தவரு கொஞ்சம் பேக்கு மாதிரி இருந்தாரு. இவரு ரெண்டு வார்த்தை பேசறாரு. ஆளை மாத்தி அனுப்பிட்டாங்களா?"

"ஐயோ, நானும்தானே கூட வந்தேன்" என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அழுகைக்கு நடுவில் அதிகாரியைப் பார்த்து, "அப்ப இவரு யாரு? உங்க அண்ணன் இல்லையா?" என்று கோவிந்தசாமியிடம் கேட்டாள்.

"இவரை எனக்குத் தெரியாது யம்மா. இந்த மாப்ளையவே தெரியலன்னு நிக்கறேன் நானு" என்றவர், உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தார்.

அந்தக் காலைத்தான் பார்த்தேன். பக்கத்துச் சுவரில் லைசென்ஸ். இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும். குடியாத்தம் போகவில்லை என்றால் லைசென்ஸ் தப்பும், சரசு போய்விடுவாள். போனேன் என்றால் தலைகீழ். இவர்கள் வீட்டில் கடிகாரம் இல்லையா என்று கேட்ட அந்தக் குரல் ஞாபகம் வந்தது. பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தேன்.

"குடியாத்தம் போனது நான்தான் சார். இங்க இருந்தது தோலு."

உள்ளே போய்க் கருகிச் சுருண்ட வாரை எடுத்து வந்து அதிகாரி கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். டைம்பீஸ், நூல், உப்பு, ஜப்பான். அதிகாரி வாரை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அவர் உதடும் டா டிட் என்று அசைந்ததைப் பார்த்தேன்.

"இந்த மிஷின்ல தப்பு இல்ல தம்பி. மிஷின்ல மோர்ஸ் அனுப்பறது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான். நீங்க இல்லாததுதான் தப்பு. இது கண்டபடி கத்த ஆரம்பிச்சா வாயைப் பொத்த ஒரு ஆள் கை எட்டற தூரத்துல இருக்கணும். அந்த ஆள் பேருலதான் லைசென்ஸே. தோல் பேருல இல்ல." சொல்லிவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தார். "வாக்குமூலம் எழுதணும். நீங்க அப்ப இங்க இல்லன்னு வெளியாள் ஒருத்தர் சாட்சி போடணும்."

எல்லோரும் கோவிந்தசாமியைப் பார்த்தோம். அவர் மெதுவாக உள்ளே வந்து பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

அதிகாரி எழுதி முடித்து, தமிழில் விளக்கிச் சொன்னார்: "மேற்படி நேரத்தில் மேற்படி நபர் குடியாத்தத்தில் எனது இல்லத்தில் விருந்தினராக இருந்தார்."

"விருந்தாளின்னு போடாதீங்க சார்" என்றார் கோவிந்தசாமி. "பொண்ணு பாக்க வந்தாருன்னு போடுங்க. நாளைக்கு எவனாவது இந்தப் பேப்பரைப் பாத்துட்டு, வயசுப் பொண்ணு இருக்கற வூட்ல இவனுக்கு இன்னா வேலைன்னு கேப்பான்."

அதிகாரி அடித்து எழுதினார். "பெண் பேரு?"

"சரஸ்வதி. மூத்த மகள்னு போடுங்க. சின்னது ஒண்ணு இருக்குது, கொழப்பம் வரக் கூடாது."

"கேசரி சாப்ட்டாருன்னும் போடுங்க" என்றாள் அத்தை. "ரெண்டு தட்டு."

அதை அவர் போடவில்லை என்றுதான் நினைக்கிறேன். கோவிந்தசாமி கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "இது எங்க போவும் சார்?"

"டெல்லிக்கு."

"டெல்லிக்கா?" அவர் தங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேலே விட்டத்தைப் பார்த்தார். "எம்பொண்ணு பேரும் இவரு பேரும் ஒரே பேப்பர்ல டெல்லிக்குப் போவுது. என் கையெழுத்தோட. இனிமே மாப்ளைய மாத்துனா சர்க்காருக்கு இன்னான்னு பதில் சொல்றது?" ஒரு பெருமூச்சு விட்டார். "யம்மா, அந்தத் தட்டை இப்படி எடு. கை நனைச்சிடலாம்."

அதிகாரி பின்னறைக்குப் போய் என் டிரான்ஸ்மிட்டரைத் துணியால் சுற்றி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கிச் சீல் வைத்தார். அரக்கு உருக்குகிற நெருப்புக்கு அம்மா காமாட்சி விளக்கை எடுத்துப் பிடித்தாள். அத்தை அந்த வெளிச்சத்திலேயே எனக்குப் பொட்டு வைத்துவிட்டாள். பையை மூடியதும் அதிகாரி, "இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டு இரண்டு பஜ்ஜி எடுத்துக்கொண்டார். ஆக என் நிச்சயதார்த்தத்துக்கு மத்திய சர்க்கார் சார்பாகவும் ஒரு ஆள் வந்திருந்தார்.

மறுநாள் நஜீர் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "என் டைம்பீஸ் எங்க?" என்று மட்டும் கேட்டார்.

ஜப்பான்காரரிடமிருந்து ஒரு அட்டை வந்தது. 'நாலு மணிக்கு ஆவலோடு காத்திருந்தேன். ஆனால் அந்த அலைவரிசையில் யாரோ ஒரு முட்டாள் மூன்று மணி நேரம் இடைவிடாமல் சத்தம் எழுப்பிக்கொண்டிருந்ததால் உங்களைக் கேட்க முடியவில்லை. வருந்துகிறேன்.' நானும் வருந்துவதாகப் பதில் போட்டேன். அந்த முட்டாளைத் தெரியும் என்று எழுதவில்லை.

டெல்லியிலிருந்து கடிதம் வர மூன்று மாதம் ஆனது. அது வந்த அன்றைக்குத்தான் எங்கள் கல்யாணப் பத்திரிகையும் அச்சாகி வந்தது. லைசென்ஸ் ஆறு மாதம் நிறுத்திவைக்கப்படுகிறது. காரணம், நிலையம் இயங்கிக்கொண்டிருந்தபோது லைசென்ஸ்தாரர் பெண் பார்க்கும் பொருட்டுக் குடியாத்தத்தில் இருந்தார் என்று சுத்தமான சர்க்கார் இங்கிலீஷில் போட்டிருந்தது. எங்கள் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் போட்டோ கிடையாது. சரசு அந்தக் கடிதத்தைத்தான் ஒட்டி வைத்திருக்கிறாள். அன்று கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்ததற்கு அவள் என்னை மன்னித்தாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் நான் பேப்பர் படித்துக்கொண்டே 'ம்' கொட்டினால் பேப்பரைத் தூக்கிப் பார்த்து, "ஆள் இருக்கறீங்களா, ஓட வுட்டுட்டு எங்கயாவது போய்ட்டீங்களா?" என்று கேட்பாள். எங்கள் இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே இதைக் கற்றுக்கொண்டார்கள்.

மூத்தவளைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து ஒரு பையன் வந்தான். சம்பளம், சொந்த வீடு, ஜாதகம் எல்லாம் பெரியவர்கள் பேசி முடித்தபின், பெண்ணின் அம்மா ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். சரசு முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்து, ரொம்ப மரியாதையாக ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"வூட்ல எதையும் ஓட வுட்டுட்டு வரலியே தம்பி?"

பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "தண்ணி மோட்டார் இருந்துதுங்க அத்தை. நிறுத்திட்டு, ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் பஸ் ஏறனேன்" என்றான்.

சரசு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே உள்ளே போய்ப் பெண்ணை அழைத்து வந்தாள்.